தீவிழந்த மக்களும் ஒரு நாவலும்

யூபிலி மலருக்காக நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை எழும்பிய காலத்திலும், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்த காலத்திலும் பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்து குடியமர்ந்த குடும்பங்களின் பெயர்களே அவற்றில் நிறைந்திருக்கின்றன. பெற்றோரின் சொந்த ஊர் என்ற கட்டத்தில் மணப்பாடு உண்டு, உவரி உண்டு, முட்டம், வடக்கன்குளம், ஏன், இரங்கூனும் உண்டு. அவற்றுக்கிடையே ஓரிடத்தில் 'தனுஷ்கோடி' என்றும், வேறோரிடத்தில் 'மன்னார்' என்றும் எழுதியிருக்கக் கண்டு விரலை எடுக்காமல் சற்று நின்றோம். மணப்பாட்டுக்காரர் மே மாத விடுமுறையில் ஊருக்குப் போய் வருகிறார். தனுஷ்கோடிக்காரர் எங்கே போவார்?

இராமேசுவரம் பக்கம் யாத்திரை போன நம் பங்கு மக்கள் அந்த இடத்தைக் கண்டிருப்பார்கள். மணல் நடுவே கூரையில்லாமல் நிற்கும் பாழ்பட்ட கோவில் அது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரிலிருந்து புறப்படும் போட் மெயில் தனுஷ்கோடி துறை வரை ஓடிற்று. பயணிகள் அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி இரயில் ஏறிக் கொழும்பு சென்றார்கள். சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், கோவில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. ஊரும் போயிற்று. கிறிஸ்துமசுக்கு இரண்டே நாள் இருந்தது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. உயிர் தப்பியவர்கள் தீவின் மேற்குப் பக்கத்திலும் மண்டபத்திலும் இன்னும் எங்கெங்கோ சிதறினார்கள். ஒரு குடும்பம் நம் பதிவேட்டிலும் வந்து சேர்ந்திருக்கிறது.

காற்றும் கடலும் செய்ததை யாரிடம் முறையிடுவது? மக்கள் அழுது ஆறிப்போனார்கள். ஆனால், காற்றுமல்ல கடலுமல்ல, அலுவலகத்து மேசையில் எழுதப்பட்ட காகிதம் ஒன்று ஒரு தீவின் மக்கள் முழுவதையும் பெயர்த்தெறிந்த வரலாறும் உண்டு. அதைப் பற்றி எழுந்த நாவல் ஒன்றை அண்மையில் படிக்க நேர்ந்தது. அதைக் குறித்தே இங்கு எழுத விரும்புகிறோம்.

வரலாற்று நாவல் என்றவுடன் நமக்கு நினைவு வருவது கல்கியும் 'பொன்னியின் செல்வ'னும் ஆகும். குதிரைக் குளம்பொலியும் வாளோசையும் அரண்மனைச் சதியும் கேட்டே நாம் வளர்ந்தோம், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அக்கதையில் படகோட்டும் பூங்குழலியை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு அழகாகப் படைக்கப்பட்டவள்! ஆனாலும் இளவரசனைக் கரை சேர்ப்பதுதான் அவளுக்கு வாய்த்த பெரிய வேலை. அவளுடைய கரையில் வலை உலர்த்தியவர்கள், கருவாடு போட்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள் கதைக்குள் வருவதில்லை. 'சாகோசின் மௌனம்' என்னும் பொருள்படும் பெயரோடு 2005-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நாவலில் அரசர் எவரும் இல்லை. மொரீஷியஸ் நாட்டுப் பத்திரிகையாளரான ஷெனாஸ் பட்டேல் எழுதியது. 2019-இல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. சிறிய நூல்தான், இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். மனத்தைவிட்டு இறங்குவதற்குத்தான் நாளாகிறது.

சாகோஸ் என்பது இந்துமாக்கடலின் நடுவே, மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள பவளத் தீவுக்கூட்டம். அவற்றுள் பெரியது டியாகோ கார்சியா. வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தோம். கன்னியாகுமரியிலிருந்து அத்தீவு ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். அம்மக்களைக் கொண்டுபோய் இறக்கிய மொரீஷியசோ அத்தீவிலிருந்து 2,100 கிலோமீட்டருக்கு மேல். நம் குமரிமுனை அவர்களுக்கு மொரீஷியசைவிடக் கிட்டத்தில் இருந்திருக்கிறது!

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தென்னந்தோப்புகள் வைத்தார்கள். வேலைக்காக மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814-இல் தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. 1835-இல் அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியக் கூலிகள் சிலரும் போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் எல்லோரும் கலந்து, கிரியோல் மொழி பேசும் ஒரே மக்களானார்கள். தேங்காய் உரிப்பதும் கொப்பரை காய வைப்பதும் தொழில். மீன் கடலில் கிடைத்தது. சனிக்கிழமை இரவு சேகா என்னும் ஆட்டமும் பாட்டும். தோட்ட முதலாளியின் ஆட்சிதான், கூலி சொற்பம். சொர்க்கம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பட்டினி இல்லை. வாடகை இல்லை. அம்மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். டியாகோ கார்சியாவின் கிழக்கு முனையில் அவர்களுக்கு ஒரு கோவில் இருந்தது. குருவானவர் எப்போதாவது கப்பலில் வருவார். 1930-களில் ரோஜர் டுசெர்க்கிள் என்னும் குருவானவர் மொரீஷியசிலிருந்து அத்தீவுகளுக்குச் சென்று, ஞானஸ்நானமும் திருமணமும் நிறைவேற்றித் திரும்பி, அப்பயணத்தைப் பற்றி நூலும் எழுதினார். இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1960-களில் அமெரிக்கா இந்துமாக்கடலில் இராணுவத் தளம் அமைக்க இடம் தேடிற்று. பிரிட்டன் இடம் தர இசைந்தது. மொரீஷியசுக்கு விடுதலை கொடுக்குமுன்னே, 1965 நவம்பர் 8-ஆம் தேதி, சாகோசை மட்டும் தனியே வெட்டியெடுத்து 'பிரிட்டிஷ் இந்துமாக்கடல் பிரதேசம்' என்று புதிய பெயர் சூட்டியது. மொரீஷியசுக்கு 30 இலட்சம் பவுன் கொடுக்கப்பட்டது. தீவுகளில் மக்கள் இருந்தார்களே, அவர்களை என்ன செய்வது? ஒரு பிரதேசத்தில் நிலையான குடிகள் இருந்தால் ஐக்கிய நாடுகள் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அதிகாரிகள் சுலபமான வழி கண்டார்கள். அங்கிருப்போர் ஒப்பந்தத்துக்கு வந்துபோகும் கூலிகளே, நிலையான குடிகள் எவரும் இல்லை என்று எழுதினார்கள். ஐந்து தலைமுறையின் கல்லறைகள் அங்கே கிடக்க, ஞானஸ்நானப் பதிவுகள் சாட்சி சொல்ல, துணிந்து இப்படி எழுதினார்கள். பதிவேடு என்பது கறையான் அரிக்கும் பழைய காகிதம் என்று நாம் அசட்டையாக நினைக்கிறோமே, அதன் அருமை இங்கேதான் விளங்கிற்று.

முதலில் கப்பல் டிக்கெட்டை நிறுத்தினார்கள். வைத்தியத்துக்கோ உறவினரைக் காணவோ மொரீஷியஸ் சென்றவர்கள் திரும்பிப் போகத் துறைமுகத்துக்கு வந்தபோது, இனிக் கப்பல் கிடையாது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது என்று சொல்லப்பட்டது. ரீத்தா பான்கூல் என்னும் தாய், வண்டியில் அடிபட்ட தன் சிறு மகளைத் தூக்கிக்கொண்டு பேரோஸ் பானோஸ் தீவிலிருந்து 1968-இல் வந்தாள். மகள் பிழைக்கவில்லை. அடக்கம் முடித்து ஊர் திரும்ப நின்றவளுக்குக் கிடைத்ததும் இதே பதில்தான். செய்தி கேட்ட அவள் கணவன் பக்கவாதத்தில் விழுந்தான். அக்குடும்பத்தின் மகன் ஒலிவியே பான்கூல்தான் பின்னாளில் பிரிட்டிஷ் அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தவர்.

1971-இல் டியாகோ கார்சியாவில் எஞ்சியிருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். அதற்கு முன் தீவிலிருந்த நாய்களைக் கொன்றார்கள். ஏறக்குறைய ஆயிரம் இருக்கும். வீட்டுக்கு வீடு வளர்த்தவை. கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றன. அடுத்தது தாங்கள்தானோ என்று பெரியவர்கள் பயந்தார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நோர்ட்வேர் என்னும் சரக்குக் கப்பலில் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் கிடைத்தது. மனிதர்கள் கீழே, சரக்கின்மேல் கிடந்து வந்தார்கள். 1973-க்குள் மற்றத் தீவுகளும் காலியாயின. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை என்பது கணக்கு.

இங்கிருந்துதான் நாவல் தொடங்குகிறது எனலாம். போர்ட் லூயி துறைமுகத்தில் நின்று, வராத கப்பலை எதிர்பார்த்துக் கடலையே நோக்கிக்கொண்டிருக்கும் சார்லேசியா என்னும் பெண் ஒருத்தி. கணவனின் வைத்தியத்துக்காக வந்து, திரும்ப முடியாமற் போனவள். நோர்ட்வேர் கப்பலிலேயே பிள்ளை பெற்ற ரேமோந்த் இன்னொருத்தி. நடுக்கடலில் பிறந்த அவள் மகன் தேசிரே மூன்றாமவன். எந்த ஊரான் என்று அவனுக்கே தெரியாது. அவனைக் கப்பலின் பெயராலேயே மற்றவர்கள் அழைப்பதேன் என்று தாயிடம் கேட்டுக் கேட்டு, சிறிது சிறிதாகத் தன் மக்களின் கதையை அவன் அறிகிறான். இம்மூவரும் கற்பனை மனிதர் அல்லர். உயிரோடு நடமாடியவர்கள், தங்கள் கதையைத் தங்கள் வாயாலேயே ஆசிரியைக்குச் சொன்னவர்கள். சார்லேசியா அலெக்சிஸ் அம்மையார், லிசெத் தலாத் என்னும் மற்றொரு மாதரசியோடு சேர்ந்து, மொரீஷியஸ் தெருக்களில் உண்ணாவிரதமும் மறியலும் நடத்தியவர். இருவருமே தீவைத் திரும்பப் பெறாமல் 2012-இல் கண்ணை மூடினார்கள்.

ஆசிரியை எங்கும் கூச்சலிடுவதில்லை என்பதே இந்நூலின் சிறப்பு. அம்மக்கள் பேச்சில் 'சாக்ரேன்' என்று ஒரு சொல் உண்டு. துக்கம் என்று மொழிபெயர்த்தால் போதாது; ஊரை நினைத்து உண்ணாமல் உறங்காமல் உயிர் வற்றிப் போவதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் 'ஏக்கம் பிடித்துச் செத்தான்' என்பார்களே, அதுதான். குடியேறியவர்களில் பலர் அப்படித்தான் செத்தார்கள். அரசாங்கத்தின் கோப்புகளில் இந்நோய்க்குக் கட்டம் இல்லை. நாவலில் இருக்கிறது.

நாவலா, வரலாறா என்று கேட்போர் உண்டு. உண்மை மனிதரை வைத்து எழுதினால் அது செய்திக் கட்டுரைதானே என்றும் நம் நண்பர் ஒருவர் வாதாடினார். நாம் அப்படி எண்ணவில்லை. இடப்பெயர்ச்சியின் தேதியும் தொகையும் கோப்புகளில் கிடைத்துவிடும். அடுப்பை அணைக்காமல் விட்டுவந்த பெண் எதை நினைத்துக்கொண்டு கப்பல் ஏறினாள் என்பது எந்தக் கோப்பிலும் கிடையாது. அதை அவளிடம் கேட்கத்தான் வேண்டும்; கேட்டபின், அவள் சொல்லாமல் விட்டதை உணர்ந்து எழுதத்தான் வேண்டும். நூலுக்கு மௌனம் என்று பெயர் வைத்தது அதனாற்போலும். ஒரு குறையும் சொல்லிவிடுகிறோம்: மொரீஷியசில் அம்மக்கள் பட்ட அவமானத்துக்கு அந்நாட்டாருக்கும் பங்குண்டு. அதைப் பற்றி நூல் இன்னும் கடுமையாகப் பேசியிருக்கலாம்.

வழக்கின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்வோம். 2000-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2008-இல் பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் மக்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம், சாகோசைப் பிரித்தது சட்டப்படி செல்லாது என்று கருத்துரைத்தது. 2025 மே 22-ஆம் தேதி பிரிட்டனும் மொரீஷியசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: தீவுகள் மொரீஷியசுக்கு, டியாகோ கார்சியாவின் இராணுவத் தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு. அவ்வாண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி பதினான்காம் லியோ பாப்பரசர் சாகோஸ் மக்களின் தூதுக்குழுவை வத்திக்கானில் வரவேற்றுத் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தார். ஆனால் எங்களைக் கேளாமலே எங்கள் தீவைப் பற்றிப் பேசி முடித்தார்கள் என்று வழக்காடிய சாகோஸ் பெண்களும் இருக்கிறார்கள். 1965-இலும் அவர்களைக் கேட்கவில்லை.

இவ்வளவு தொலைவிலுள்ள கதையில் தமிழர் எங்கே வருகிறார்கள் என்பீர்கள். வருகிறார்கள். 2021 அக்டோபரில், தென்னிந்தியக் கரையிலிருந்து புறப்பட்டுக் கனடாவை நோக்கிச் சென்ற மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் தத்தளித்து, டியாகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டது. அதில் 89 பேர், பிள்ளைகளும் உண்டு, எல்லோரும் இலங்கைத் தமிழர். சொந்தக்காரர் கால் வைக்கக் கூடாத அத்தீவில், வேலி போட்ட முகாமில், கூடாரங்களில் மூன்றாண்டுகளுக்கு மேல் இவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிபதி தீர்ப்பளித்தார். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள முகாம்களை அறிந்த நமக்கு, கூடாரத்தில் பிள்ளை வளர்ப்பது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சொந்தத் தீவையே இழந்த நம்மவர் கதை ஒன்றும் இருக்கிறது. நாவலாக எழுதத் தக்கது. நெஞ்சு நிமிரச் செய்வதுங்கூட. மன்னாருக்கு வடக்கே, பூநகரிக் கரைக்கு அப்பால் கடலில் இரணைதீவு என்று இரட்டைத் தீவுகள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் கத்தோலிக்க மீனவர்கள். நண்டும் கடலட்டையும் சங்கும் அவர்களுக்கு வாழ்வு. நடுவே மாதா கோவில். 1992-இல் போர் காரணமாக முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தீவை விட்டு முழங்காவில் பக்கம் வந்து சேர்ந்தன. புதிய குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயர் இரணைமாதா நகர். தீவையும் மாதாவையும் ஊர்ப்பெயரிலேயே கட்டி எடுத்து வந்துவிட்டார்கள்! 2009-இல் போர் முடிந்தது. ஆனால் தீவில் கடற்படை இருந்தது. மக்கள் குடியிருக்க அனுமதி இல்லை.

கடிதம் எழுதினார்கள், மனுக் கொடுத்தார்கள். 2017 மே 1-ஆம் தேதி தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், முன்வரிசையில் பெண்கள். ஏறக்குறைய ஓராண்டு உட்கார்ந்தும் பதில் இல்லை. பிறகு 2018 ஏப்ரல் 23-ஆம் தேதி, சுமார் நாற்பது படகுகளில் ஏறி, வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, குருக்களும் கூடவர, தாங்களே தீவுக்குப் புறப்பட்டார்கள். கையில் ஆயுதம் இல்லை. கடற்படை சுடவில்லை. இருபத்தாறு ஆண்டுக்குப்பின் கரையிறங்கியவர்கள் நேரே போனது இடிந்துகிடந்த கோவிலுக்குத்தான். அங்கே முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு, இனித் திரும்புவதில்லை என்று கோவிலடியிலேயே தங்கினார்கள். அடுத்த மாதம் அதிகாரிகள் தீவுக்கு வந்து, இருக்கலாம் என்று சொன்னார்கள். வீடுகள் போயிருந்தன, கிணறுகள் தூர்ந்திருந்தன. எந்தக் குடும்பத்தின் வளவு எது என்று அடையாளம் காட்ட மூதாட்டிகள் இருந்தார்கள்.

சாகோஸ் மக்களுக்கும் ஒருமுறை பார்த்துவர வாய்ப்புக் கிடைத்தது. 2006-இல் நூறு பேரளவில் கப்பலில் சென்று, சில நாட்கள் தீவுகளில் இறங்க அனுமதிக்கப்பட்டார்கள். அந்தச் சில நாட்களில் அவர்கள் செய்த வேலை, கல்லறைகளின்மேல் வளர்ந்திருந்த செடிகொடிகளை வெட்டிக் களைந்து, பெற்றோர் தலைமாட்டில் பூ வைத்ததுதான். பெயர் அழிந்த கல்லறையை யாருடையது என்று அங்கும் வயதானவர்களே சொன்னார்கள்.

நம் பதிவேட்டில் தனுஷ்கோடி என்று எழுதிய குடும்பத்தைத் தேடிப் போனோம். 1964-இல் ஆறு வயதுப் பிள்ளையாய் இருந்தவர் இன்று பேரப்பிள்ளைகளோடு பட்டாபிராம் பக்கம் இருக்கிறார். புயலைப் பற்றிப் பேச முதலில் மறுத்துவிட்டார். கோவிலைப் பற்றிக் கேட்டோம். முகம் மாறிற்று. கிறிஸ்துமஸ் குடில் கட்டக் கடற்கரையிலிருந்து சிப்பி பொறுக்கி வந்து திண்ணையில் குவித்திருந்ததைச் சொன்னார். குடில் பாதி கட்டியபடியே இருந்ததாம். மேலே சொல்ல வேறொரு நாள் வருகிறேன் என்றார். வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் பங்கு மனையில் வந்து உட்கார இசைந்திருக்கிறார். இளைஞர் மன்றத்தார் இருவர் எழுதிக்கொள்வார்கள். மன்னார் என்று எழுதியிருக்கும் குடும்பத்தாரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை; அறிந்தவர்கள் உபதேசியாரிடம் சொல்லவும்.